போர்ட்டிக்சனில் 23ஆம் வாரம்

போர்ட்டிக்சன் கடலில் கால் நனைக்காத தோட்டத்துப் பிள்ளை நெகிரி செம்பிலானில் இருப்பது அபூர்வம். நான் சிறுவனாக இருந்தபோது பள்ளி விடுமுறையில் தோட்டத்து லோரி ஒன்று எங்களை அங்கே கொண்டு போகும். தார்ப்பாய் கட்டி, புளிச்சாதத்தையும் கோழிப் பிரட்டலையும் அண்டாவோடு ஏற்றி, பொழுது விடியுமுன்னே கிளம்பிவிடுவோம். நாள் முழுக்கக் கடலில் கிடந்து, உப்புப் பூத்த உடம்போடு இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். மறுநாள் பெரட்டு இருக்கிறதே! இராத் தங்கல் என்ற பேச்சே கிடையாது. அங்கே இராத் தங்கியவர்கள் துரைமார்கள். பெரிய தோட்டக் கம்பெனிகளுக்கு அந்தக் கடற்கரையில் பங்களாக்கள் இருந்தன. வேலிக்கு வெளியே நின்று அவற்றின் புல்தரையைப் பார்த்துவிட்டு லோரி ஏறுவோம்.

ஆகவே, "போர்ட்டிக்சனில் எனக்கு வருஷத்துக்கு ஒரு வாரம் வீடு இருக்கிறது" என்று எங்கள் அத்தான் சொன்னபோது குடும்பத்தில் யாரும் நம்பவில்லை. அத்தான் என்றால் என் மூத்த அக்காளின் கணவர். தோட்டத்தில் லோரி ஓட்டியவர். 1998இல் தோட்டம் கைமாறி, லயங்கள் காலியானபோது அவருக்கு நஷ்டஈடாகக் கொஞ்சம் பணம் கிடைத்தது. மறு ஆண்டு சிரம்பானில் ஒரு பேரங்காடி வாசலில் யாரோ ஒரு சுரண்டும் சீட்டைக் கையில் கொடுத்தார்கள். சுரண்டினார், பரிசு விழுந்தது. பரிசை வாங்கப் போனவரை நான்கு மணி நேரம் குளுகுளு அறையில் உட்கார வைத்து, கோப்பியும் கேக்கும் கொடுத்து, 9,800 வெள்ளிக்கு ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். பரிசு ஒரு மின்சாரக் கேத்தல். அது இரண்டு வருஷம் உழைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த வியாபாரத்துக்கு டைம்ஷேர் என்று பெயர். புரியாதவர்களுக்கு நம் வழியிலேயே சொல்கிறேன். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பத்து நாள் திருவிழா நடக்கிறது. முதல் நாள் உபயம் ஒரு குடும்பத்துக்கு, இரண்டாம் நாள் இன்னொரு குடும்பத்துக்கு என்று பிரித்திருப்பார்கள். அந்த நாள் அந்தக் குடும்பத்துடையது; மரியாதையும் மாலையும் அவர்களுக்கே. ஆனால் கோயில் அவர்களுடையது அல்ல. டைம்ஷேரும் அப்படித்தான். கடலோரத்தில் ஓர் அடுக்குமாடி வீடு. வருஷத்தின் வாரங்களுக்கு ஒவ்வொரு குடும்பம். அத்தானுக்கு விழுந்தது 23ஆம் வாரம், அதாவது ஜூன் முதல் வாரம். தவணை 30 வருஷம், 2029 முடிய. வீட்டைக் கூட்டிப் பெருக்க, சாயம் பூச, மின்தூக்கி ஓட்ட, வருஷாவருஷம் பராமரிப்புக் கட்டணம் என்று ஒன்று தனியே கட்ட வேண்டும். தொடக்கத்தில் அது 180 வெள்ளி. ஏறி ஏறி 480 ஆயிற்று. அத்தான் ஒரு வருஷம்கூடத் தவறவில்லை. அக்காள் குடும்பம் வருஷம் தவறாமல் அந்த ஏழு நாளும் அங்கே போய்விடும். லோரியில் போய் வேலிக்கு வெளியே நின்ற மனிதர், மேல்மாடிப் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கடலைப் பார்த்தார். 9,800 வெள்ளி அதற்குத் தகுமா என்று நான் பலமுறை கணக்குப் போட்டிருக்கிறேன். தகாது. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்ததில்லை.

இந்த ஜனவரியில் ஒரு கடிதம் வந்தது. விடுதி வேறொரு கம்பெனியின் கைக்கு மாறிவிட்டதாம். பராமரிப்புக் கட்டணம் இனி 620 வெள்ளி. அதோடு "மேம்பாட்டு நிதி" என்று ஒரே தடவையாக 2,400 வெள்ளி. மார்ச் முடிவுக்குள் கட்டாவிட்டால் மாதா மாதம் வட்டி, அறையும் கிடைக்காது.

"தம்பி, நீ வந்து அந்தக் காகிதத்தைப் படிச்சுப் பாரு. ராத்திரியெல்லாம் உங்க அத்தான் எழுந்து உட்கார்ந்துக்கிறாரு" என்று அக்காள் தொலைபேசியில் சொன்னாள். "நாம கட்டாட்டி நம்ம புள்ள சம்பளத்துல புடிச்சுடுவாங்களாமே?"

எனக்கும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்து வேலையில் நாட்கள் ஓடிவிட்டன. ஜூன் விடுமுறை வந்ததும், நடப்பது நடக்கட்டும் என்று ஒரு வேனில் ஒன்பது பேர் கிளம்பினோம். 620 வெள்ளியை மட்டும் அத்தான் மார்ச்சிலேயே கட்டியிருந்தார்.

பாகாவிலிருந்து கோலப்பிலா வழியாகச் சிரம்பானுக்குப் போகிறவர்களுக்கு புக்கிட் பூத்துஸ் கணவாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பழைய பாதையின் வளைவுகளில் வாந்தி எடுக்காத பிள்ளை கிடையாது. புதிய பாதை உயரத் தூண்களின் மேல் நேராகப் போகிறது. கீழே காடு பச்சைப் பாயாகத் தெரிகிறது. வேனில் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். அத்தான் மட்டும் முன்னிருக்கையில் ஒரு பழைய பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு, பேசாமல் உட்கார்ந்திருந்தார். பத்திரமும் 25 வருஷத்து ரசீதுகளும் அதற்குள் இருந்தன.

சிரம்பான் தாண்டி லுக்குட்டில் வேனை நிறுத்தினோம். பிள்ளைகளுக்குக் கோட்டையைக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. வாத்தியார் புத்தி எங்கே போகும்! ஈயத்தால் செழித்த அந்த ஊரை ஆண்ட ராஜா ஜுமாத் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் குன்றின்மேல் கட்டிய கோட்டை அது. மண் அரணும் அகழியும் இன்னும் தெரிகின்றன. மர நிழலும் காற்றும் உண்டு. அந்தக் காலத்தில் லுக்குட் சிலாங்கூருக்குச் சொந்தம். 1880இல் சுங்கை ஊஜோங்குக்குக் கைமாறியது. "ஊரையே மாத்திக்கிட்டாங்களா? அங்க குடியிருந்த சனங்களைக் கேட்டாங்களா?" என்றாள் அக்காள். அவளுக்கு அன்று எதைப் பார்த்தாலும் அந்தக் கடிதம்தான்.

போர்ட்டிக்சன் பட்டணத்தை நெருங்கும்போது எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் உயரக் குழாய்கள் தெரியும். நாங்கள் லோரியில் போன காலத்தில் ஒன்று ஷெல், இன்னொன்று எஸ்ஸோ. தூரத்தில் அந்த நெருப்பைக் கண்டதும் "கடல் வந்தாச்சு!" என்று கத்துவோம். எஸ்ஸோவினுடையது 2012இல் பெட்ரோனுக்குப் போயிற்று. ஷெல்லினுடையது 2016இல் ஒரு சீனக் கம்பெனியிடம் போய் ஹெங்யுவான் ஆயிற்று. பலகைகள் மாறிவிட்டன. சிரம்பானிலிருந்து 1891இல் போட்ட ரயில்பாதையில் பயணிகள் வண்டி ஓடி வெகுகாலம் ஆயிற்று. இந்த ஊருக்கு அந்தக் காலத்தில் ஆராங் என்று பெயர். மலாய் மொழியில் கரி என்று பொருள். பிறகு ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது.

பட்டணத்தில் வாழை இலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, கடலோரச் சாலையில் தெற்கே போனோம். இங்கே கடற்கரைகளை மைல் கணக்கில் அடையாளம் சொல்வது வழக்கம். நான்காவது மைல், ஏழாவது மைல் என்று போய் தெலுக் கெமாங் வரும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அங்கேதான். ஈரத்துணியோடு பிள்ளைகள், மாங்காய் ஊறுகாய் வியாபாரம், மிதவை வளையம் வாடகைக்கு. கூட்டம் வேண்டாதவர்கள் இன்னும் கொஞ்சம் போவார்கள். அத்தானின் விடுதி அந்தப் பக்கம் இருக்கிறது. எந்த இடம், என்ன பெயர் என்று நான் எழுதப் போவதில்லை.

வாசலில் புதிய பலகை. கவுண்டரில் நம் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி. விசாரித்ததில் அவளும் லிங்கிப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள்தான். கணினியைப் பார்த்தாள், முகம் சுருங்கியது.

"அங்கிள், உங்க பேர்ல பாக்கி இருக்கே. அறை கொடுக்க எனக்கு அனுமதி இல்ல."

"620 கட்டிட்டேனேம்மா. இந்தா ரசீது" என்று அத்தான் டின்னைத் திறந்தார்.

"அது இல்ல அங்கிள். மேம்பாட்டு நிதி."

பின்னால் நின்ற பிள்ளைகள் நீச்சல் உடுப்போடு தயாராக இருந்தார்கள். என்னதான் பேசியும் அவளால் ஆவது ஒன்றும் இல்லை. உள்ளே போய்க் கேட்டு வந்தாள். விளக்கக் கூட்டம் ஒன்று நடக்கிறது. அதில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால், நல்லெண்ணமாக மூன்று இரவு தருவார்களாம். ஏழு இரவு மூன்றாகச் சுருங்கியது. வேறு வழியில்லை. உட்கார்ந்தோம்.

விளக்கம் சொன்ன இளைஞர் மிகவும் மரியாதையானவர். அத்தானின் பழைய திட்டம் காலத்துக்கு ஒவ்வாததாம். இப்போது வாரம் என்பதெல்லாம் இல்லை, புள்ளிகள். புள்ளிகளைக் கொடுத்து லங்காவி, பாலி, கோல்ட் கோஸ்ட் என்று எங்கும் போகலாம். பழைய திட்டத்திலிருந்து புதியதற்கு மாற 6,800 வெள்ளி. மாறினால் அந்த 2,400 வெள்ளி தள்ளுபடி! அதோடு மகனின் பெயரையும் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்வார்களாம். "அங்கிள், உங்க காலத்துக்குப் பிறகு இது உங்க மகனுக்கு ஒரு சொத்து" என்றார்.

அந்த ஒரு சொல்லில் அத்தான் விழுந்துவிட்டார். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. தோட்டத்தில் 26 வருஷம் லோரி ஓட்டி, மகனுக்கு ஒரு துண்டு மண் விட முடியாதவர் அவர். என் மருமகன் செனவாங்கில் தொழிற்சாலை வேலை பார்ப்பவன். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்துவிட்டான். "தவணையாகக் கட்டலாமா?" என்றுகூடக் கேட்டான்.

"நாளைக்குக் காலையில் போடுகிறோம்" என்றேன்.

"இந்தச் சலுகை இன்றைக்கு மட்டும்தான், சார்."

ஆசிரியர் வேலையில் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. இன்றைக்கே, இப்போதே என்று அவசரப்படுத்துகிறவனிடம் நிதானமாகக் கழிப்பறை எங்கே என்று கேட்க வேண்டும். எழுந்து போய்விட்டு வந்தேன். பாரத்தையும் கையோடு வாங்கிக்கொண்டேன்.

இரவு சாப்பாடு ஆயிற்று. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். நீரிணையில் கப்பல்களின் விளக்குகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பால்கனியில் நானும் மருமகனும் அந்த டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தோம். பத்திரம் 31 பக்கம், பொடி எழுத்து. சட்ட ஆங்கிலம். 25 வருஷத்தில் அதை யாரும் முழுதாகப் படித்ததில்லை. நான் உட்பட.

மருமகன் கைப்பேசியில் தேடி ஒரு சேதி சொன்னான். கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஃபேர்மாண்ட் வெந்நீர் ஊற்றுப் பக்கத்திலும் இதே கதை நடந்திருக்கிறது. அங்கே ஒரு டைம்ஷேர் விடுதி 2010இல் கைமாறியது. 2013இல் புதியவர்கள், புதுப்பிப்புச் செலவுக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கட்டு, அல்லது பணம் கட்டிவிட்டு விலகிப் போ என்று எல்லாருக்கும் எழுதினார்கள். பலர் மறுத்து வழக்காடினார்கள். வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. கடைசியில் பெரும்பாலும் கம்பெனி பக்கமே தீர்ப்பு. காரணம், புதுப்பிப்புச் செலவைப் பங்குதாரர்களிடம் வாங்க ஒப்பந்தத்தின் வாசகம் இடம் கொடுத்திருந்தது. பாக்கிக்கு வட்டி வருஷத்துக்கு 26 விழுக்காட்டுக்கு மேல்! எழுதியிருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. நியாயமா இல்லையா என்பது அப்புறம். அதைக் கேட்டதும் எனக்கு வயிறு கலங்கியது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன்.

படிக்கப் படிக்க 1998ஆம் வருஷம் ஞாபகம் வந்தது. தோட்டத்தை விற்றுவிட்டார்கள் என்ற சேதி பெரட்டுக் களத்துக்கு வருமுன்பே புதுப் பலகை வந்துவிட்டது. முதல் மூன்று மாதம் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு புதிய முதலாளியின் ஆள் வந்து, தோட்டத்தில் மேயும் மாடு ஒன்றுக்கு மாதம் 2 வெள்ளி என்றார். பழைய துரைமார் காலத்தில் மாட்டுக்குக் காசு கேட்டது கிடையாது. "கேட்டதில்லையே" என்றார் என் அப்பா. "எழுதிக் கொடுத்திருக்கிறார்களா?" என்றார் அந்த ஆள். எழுதிக் கொடுக்கவில்லை. எங்களிடம் மூன்று மாடுகள். கட்டினோம். அடுத்த வருஷம் மாடே கூடாது என்றார்கள். அதற்கடுத்து லயமே இல்லை.

தோட்டம் கைமாறுவது என்பது நம் சனங்களுக்குப் புதிதல்ல. 1950களின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்க, குடும்பங்கள் வீதிக்கு வந்தன. துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே அதனால்தான். ஆளுக்கு 100 வெள்ளிப் பங்கு. அதையும் மொத்தமாகக் கொடுக்க முடியாத தொழிலாளிகள் மாதம் 10 வெள்ளியாகக் கட்டினார்கள். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். அந்தப் பத்து வெள்ளி ரசீதுகளைப் பெட்டியில் வைத்துக் காத்த பாட்டிமார்களை எனக்குத் தெரியும். வாய்ச்சொல்லை நம்பி மாட்டையும் லயத்தையும் இழந்த எங்களுக்கு, இந்தத் தடவை கையில் 31 பக்கப் பத்திரம் இருந்தது. சோம்பேறித்தனம்தான் எங்கள் குறை.

பதினேழாம் பக்கத்தில் விஷயம் அகப்பட்டது. பராமரிப்புக் கட்டணத்தை ஆண்டுதோறும் செலவுக்குத் தக்கபடி ஏற்றலாம். ஆகவே 620 வெள்ளி சரிதான். அதில் நாம் பேச முடியாது. ஆனால் வழக்கமான கட்டணம் தவிர வேறு எந்தத் தொகையானாலும் பங்குதாரர் கூட்டம் போட்டு, பெரும்பான்மை வாக்கு பெற்று, பொறுப்புரிமை நிறுவனத்தின் சம்மதமும் வாங்க வேண்டும். கூட்டத்துக்கு 21 நாள் முன்னதாக ஒவ்வொரு பங்குதாரருக்கும் கடிதம் போட வேண்டும்.

பொறுப்புரிமை நிறுவனம் என்றால் என்ன என்று கேட்பீர்கள். நம் நாட்டில் டைம்ஷேர் விற்கிறவர்கள் தாங்களாகவே எல்லாவற்றையும் வைத்து நடத்திவிட முடியாது. மலேசிய நிறுவன ஆணையத்தில் திட்டத்தைப் பதிவு செய்ய வேண்டும். வாங்கியவர்களின் நலனைப் பார்க்க மூன்றாவது ஆளாக ஒரு பொறுப்புரிமை நிறுவனம் இருக்க வேண்டும். முன்பு 1965ஆம் வருஷத்து நிறுவனச் சட்டத்தில் இருந்த இந்த ஏற்பாடு, 2017 ஜனவரி 31 முதல் ஸ்கிம் கெப்பெந்திங்கான் சட்டம் என்ற தனிச்சட்டத்துக்குள் வந்துவிட்டது. விடுதி யார் கைக்குப் போனாலும் இந்தப் பத்திரம் கூடவே போகும். அத்தானின் பத்திரத்தில் அந்த நிறுவனத்தின் பெயரும் முகவரியும் இரண்டாம் பக்கத்திலேயே இருந்தன. 25 வருஷமாக!

பிறகு புதிய பாரத்தைப் படித்தேன். அதில் கையெழுத்துப் போட்டால் பழைய பத்திரம் ரத்து. புதியது 35 வருஷம். மகனின் பெயரை இலவசமாகச் சேர்ப்பது என்றால், கட்டணங்களுக்கு அவனும் பொறுப்பு என்று பொருள். 2029இல் முடியப் போகிற ஒரு பாரத்தை இறக்கி, ஒரு பிள்ளையின் முதுகில் அவன் கிழவனாகும் வரைக்கும் ஏற்றிவிடும் காகிதம் அது. அக்காள் ஜனவரியிலேயே கேட்டாளே, பிள்ளையின் சம்பளத்தில் பிடிப்பார்களா என்று? கையெழுத்துப் போடாத மகனின் சம்பளத்தை அப்பாவின் பாக்கிக்காக யாரும் தொட முடியாது. அப்பா இறந்துபோனாலும், அவர் விட்டுச் சென்ற சொத்திலிருந்துதான் கேட்க முடியும். கையெழுத்துப் போட்டுவிட்டால் கதையே வேறு.

மருமகன் நெடுநேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். "மாமா, நான் பேனாவைத் திறந்துட்டேன் மாமா" என்றான்.

மறுநாள் காலை அத்தானிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு யோசனை. பிள்ளைகளை முன்னால் ஓடவிட்டு, அவரை தஞ்சோங் துவானுக்கு நடத்திக் கூட்டிப் போனேன். கலங்கரை விளக்கம் இருக்கிற குன்று அது. தார் ரோடு காட்டுக்குள் மேலேறுகிறது. குரங்குகள் பையைப் பிடுங்கும், கவனம். பிப்ரவரி, மார்ச்சில் போனால், சுமத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து வடக்கே திரும்பும் வல்லூறுகள் கூட்டம் கூட்டமாகத் தலைக்குமேல் வட்டமிடுவதைப் பார்க்கலாம். அதற்கென்றே தூர ஊர்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஜூனில் காற்றும் கடலும் மட்டும்தான். போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் இங்கே விளக்கு ஏற்றினார்கள். 1606இல் டச்சுக்காரர்கள் இதற்கு எதிரே கடலில் அவர்களோடு மோதினார்கள். மலாக்கா டச்சுக்காரர் கைக்குப் போய், பிறகு வெள்ளைக்காரர் கைக்கு வந்தது. இப்போது நிற்கும் கோபுரம் 1863இல் எழுந்தது. இன்னொரு விசித்திரம்: சுற்றிலும் நெகிரி செம்பிலான் மண், ஆனால் இந்தக் குன்று மட்டும் இன்றைக்கும் மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்தது.

விளக்கின் அடிவாரத்தில் உட்கார்ந்து சொன்னேன். அத்தான் குறுக்கே பேசவில்லை. கேட்டு முடித்ததும், "அப்போ அது சொத்து இல்லையா, வாத்தியாரே?" என்றார்.

"இல்லை அத்தான். 2029 வரைக்கும் வாடகை முன்பணம் கட்டியிருக்கிறீர்கள். அவ்வளவுதான்."

அவர் எழுந்து கொஞ்ச தூரம் போய் நின்றுகொண்டார். நான் பின்னால் போகவில்லை. பேரப்பிள்ளை ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் திரும்பினார்.

அன்று மாலை அந்த இளைஞரிடம் பாரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தோம். கூட்டம் எப்போது நடந்தது என்று கேட்டேன். போன அக்டோபரில் கோலாலம்பூரில் நடந்ததாம். கடிதம் எல்லாருக்கும் போட்டாயிற்றாம். அத்தானுக்குப் போட்ட கடிதத்தின் நகலைக் காட்டினார்கள். அதில் இருந்த முகவரியைப் பார்த்ததும் அக்காள் சிரித்துவிட்டாள். கைமாறிப்போன எங்கள் பழைய தோட்டம்; லயத்தின் எண். அந்த லயம் இடிந்து, அந்த இடத்தில் இப்போது இரட்டை மாடி வீடுகள் இருக்கின்றன. முகவரி மாறியதை அத்தான் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். பழைய கம்பெனிக்கு வாயால் சொன்னதோடு விட்டுவிட்டார். அது நம் பக்கத்துத் தவறு. ஆனால் ஜனவரியில் வந்த பணம் கேட்கும் கடிதம் நேரே புது வீட்டுக்கு வந்ததே! காசு கேட்கும்போது வீடு தெரிகிறது, கூட்டத்துக்குக் கூப்பிடும்போது தெரியவில்லையா? நான் இதைக் கேட்டதும் அந்த இளைஞர் மானேஜரை அழைத்து வருவதாகப் போனார். மானேஜர் வரவில்லை.

மூன்று இரவு முடிந்து வீடு திரும்பினோம். பொறுப்புரிமை நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு கடிதங்களின் முகவரிப் பகுதியையும் பிரதி எடுத்து இணைத்தேன். ஒரு மாதம் பதில் இல்லை. பிறகு பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டோம்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பலருக்கு உதவும். 1999ஆம் வருஷத்துப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நடப்பது இந்தத் தீர்ப்பாயம். முதல் பாரத்தைப் பூர்த்தி செய்து கொடுக்க 5 வெள்ளிதான் கட்டணம். வக்கீல் வைக்க வேண்டியதில்லை. பெரிய கம்பெனியானாலும் வக்கீலைக் கொண்டுவந்து வாதாட முடியாது. 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம்; விவகாரம் எழுந்து மூன்று வருஷத்துக்குள் போக வேண்டும். முடிந்தவரை இரு தரப்பையும் பேசவைத்துச் சமரசம் செய்யப் பார்ப்பார்கள். ஆகாவிட்டால் தீர்ப்பு. தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாவிட்டால் குற்றம். பாரம் மலாயில் இருக்கும். அத்தான் தாமே தம் கையால் எழுத வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். மூன்று பாரம் வீணாயிற்று. நான்காவதில் எழுத்து அழகாகவே வந்தது.

விசாரணைத் தேதிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது கம்பெனியிலிருந்து தொலைபேசி. தவணை முடியும் வரைக்கும் மேம்பாட்டு நிதி கேட்கமாட்டார்கள்; வட்டியும் இல்லை; பராமரிப்புக் கட்டணம் மட்டும் வழக்கம்போலக் கட்ட வேண்டும். எழுதித் தருவீர்களா என்று அத்தான் கேட்டார். எழுதித் தந்தார்கள். கூட்டம் செல்லாது என்றோ, தங்கள்மேல் தவறு என்றோ அதில் ஒரு வரி இல்லை. "நல்லெண்ண அடிப்படையில்" என்றுதான் போட்டிருந்தார்கள். இழந்த நான்கு இரவுக்கு ஈடு கேட்டோம். அதற்குப் பதிலே இல்லை. அத்தானைப் போலத் தோட்டத்து முகவரியில் வாங்கியவர்கள் இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்களில் எத்தனை பேர் 2,400 வெள்ளியைக் கட்டினார்களோ, எத்தனை பிள்ளைகள் புள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போட்டார்களோ! கவுண்டரில் இருந்த அந்தத் தோட்டத்துப் பிள்ளையின் முகம் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருகிறது. நாங்கள் கிளம்பும்போது சாவியை வாங்கிக்கொண்டவள், "அங்கிள், கையெழுத்துப் போடலதானே?" என்று அடிக்குரலில் கேட்டாள்.

அந்தக் கடிதம் இப்போது பிஸ்கட் டின்னில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது. புது முகவரியையும் அத்தான் பதிவுத் தபாலில் எழுதிப் போட்டுவிட்டார். அதன் ரசீதும் டின்னில் உண்டு. அடுத்த ஜூனில் ஏழு இரவும் தங்க வேண்டும், அண்டாவில் புளிச்சாதம் கட்டிக்கொண்டு பழையபடி விடியுமுன் கிளம்ப வேண்டும் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார். அண்டா அக்காள் வீட்டில் இல்லை. எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது. ஈயம் பூசக் கொடுக்க வேண்டும்.